‘அனுப்பப்பட்டது’ – எப்போது? மின்னஞ்சல் வரிசை பற்றிய ஒரு விளக்கவுரையின் திறனாய்வு

திறனாய்வு என்றதும் கதை, கவிதை, நாடகம் என்றுதான் நம் மனம் போகும். ஆனால், நம் மாணவர்கள் கதைப் புத்தகத்தைவிட அடிக்கடி வாசிப்பது திரையில் வரும் அறிவிப்புகளையும் செயல்முறை விளக்கங்களையும்தான். அவையும் பனுவல்களே. அவற்றிலும் சொல் தேர்வு இருக்கிறது, வரிசைமுறை இருக்கிறது, காலம் காட்டும் வினை இருக்கிறது. அவற்றைக் கேள்வி கேட்காமல் வாசிக்கப் பழகிய மாணவர், தேர்வில் அலுவல்முறை மின்னஞ்சல் எழுதும்போதும் அதே மொழியைத்தான் எழுதுவார். அதனால், இந்த முறை ஒரு தொழில்நுட்ப விளக்கவுரையைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

1. எடுத்துக்கொண்ட பனுவல்

லாராவெல் என்பது பிஎச்பி மொழியில் இணையச் செயலிகளைக் கட்ட உதவும் ஒரு கட்டமைப்பு. டெய்லர் ஓட்வெல் 2011இல் வெளியிட்டது. இதற்கு ஆங்கிலத்தில் விரிவான ஆவணம் உண்டு. இணையத்தில் யாரும் வாசிக்கலாம். அதில் ‘வரிசைகள்’ பற்றி ஓர் அத்தியாயமும் ‘மின்னஞ்சல்’ பற்றி ஓர் அத்தியாயமும் இருக்கின்றன. ஒரு செயலி அனுப்ப வேண்டிய மின்னஞ்சல்களைப் பின்னணியில் எப்படி வரிசைப்படுத்தி அனுப்புவது என்பதை இந்த இரண்டும் சேர்ந்து கற்பிக்கின்றன.

சரி, இதுல தமிழாசிரியருக்கு என்ன வேலை? காரணம் இரண்டு. ஒன்று, செயல்முறையை விளக்கும் உரைநடைக்கு இது நல்ல மாதிரி. நிறையும் குறையும் தெளிவாகத் தெரியும். இரண்டு, இந்த ஆவணத்தில் இருக்கும் ஆங்கில வினைச்சொற்கள்தான் நிரலர் கை வழியாகத் தமிழ்த் திரைக்கு வந்து சேர்கின்றன. பள்ளிகளும் சங்கங்களும் பதிவுத் தளம் அமைக்கும்போது, ‘இந்த வாக்கியத்தைத் தமிழில் போட்டுக் கொடுங்க’ என்று நம்மிடம்தான் வருவார்கள். அந்த வாக்கியம் உண்மையா பொய்யா என்று தெரியாமல் மொழிபெயர்த்தால், பொய்க்கு நாமும் பொறுப்பு.

2. வரிசை ஏன் தேவை?

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டி ஒரு பேச்சுப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 மாணவர்கள் பதிந்திருக்கிறார்கள். பொறுப்பாசிரியர், ‘அனைவருக்கும் கடிதம் அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்துகிறார். ஒரு மின்னஞ்சலை அஞ்சல் சேவையகத்திடம் கொடுத்து, அது பதில் சொல்லும்வரை காத்திருக்க 2 வினாடி ஆகிறது என்று கொள்வோம். 300 கடிதத்துக்கு 600 வினாடி, அதாவது 10 நிமிடம். அதுவரை திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆனால் 10 நிமிடம் யாரும் காத்திருக்க விடமாட்டார்கள். இணையச் சேவையகங்களில் பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ், பின்னால் இருக்கும் நிரலின் பதிலுக்கு இயல்பாக 60 வினாடிதான் பொறுக்கும். அதன் பிறகு ஆசிரியர் திரையில் பிழைச் செய்தி. பின்னால் நிரல் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கலாம், பாதியில் நின்றும் போயிருக்கலாம். எத்தனை பேருக்குக் கடிதம் போனது என்று ஆசிரியருக்குத் தெரியாது. அவர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். சில மாணவர்களுக்கு இரண்டு கடிதம் போகும். சிலருக்கு ஒன்றும் போகாது.

இதற்குத் தீர்வுதான் வரிசை. பொத்தானை அழுத்தியதும் செயலி 300 சிறு குறிப்புகளை எழுதி ஓர் அட்டவணையில் வைத்துவிடும்: ‘இன்னாருக்கு இந்தக் கடிதம்’. இதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. திரை உடனே விடுபடும். வேறொரு நிரல், பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது, அந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். குறிப்பை எழுதுபவர் ஒருவர், அனுப்புபவர் இன்னொருவர். இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இதன்மீதுதான் நிற்கிறது.

3. பனுவலின் நிறைகள்

வரிசை அத்தியாயம் வரையறையில் தொடங்கவில்லை, தேவையில் தொடங்குகிறது. நேரம் பிடிக்கும் வேலையைப் பயனரின் காத்திருப்பிலிருந்து பிரித்தால் செயலி வேகமாகப் பதில் சொல்லும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அமைப்புக்குள் போகிறது. விளக்கக் கட்டுரையின் முன்னுரை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாம் வகுப்பில் சொல்கிறோம். ‘வரிசை என்பது யாதெனில்’ என்று ஆரம்பித்தால் வாசகர் இரண்டாம் வரியிலேயே போய்விடுவார்.

இரண்டாவது நிறை, எச்சரிக்கைகளை உரிய இடத்தில் எண்ணோடு சொல்வது. ஒரு பணியை எடுத்த வேலையாள் எவ்வளவு நேரம் அதிலேயே இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. இயல்பாக 60 வினாடி. எடுக்கப்பட்ட பணி முடியவில்லை என்றால் எவ்வளவு நேரம் கழித்து அதை மீண்டும் வரிசையில் விடலாம் என்பதற்கு இன்னோர் எல்லை. அமைப்புக் கோப்பில் இயல்பாக 90 வினாடி. முதல் எண் இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால், முதல் வேலையாள் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டாமவர் அதே பணியை எடுத்துவிடுவார். ஒரே கடிதம் இரண்டு முறை போகும். ‘கவனமாக அமைக்கவும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எது எதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஆவணம் நேராகச் சொல்கிறது. நல்ல விளக்கவுரைக்கு இதுதான் அழகு.

4. முதல் குறை: வேலையாள் தாமதமாக வருகிறார்

அத்தியாயத்தின் வரிசைமுறையைப் பாருங்கள். பணியை உருவாக்குவது, அதற்கு இடையில் நிபந்தனைகள் வைப்பது, வரிசையில் சேர்ப்பது, தொகுதியாகச் சேர்ப்பது என்று நீளமாகப் போகிறது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் வேலையாளை எப்படி இயக்குவது என்ற பகுதி வருகிறது. வேலையாள் இல்லாவிட்டால் குறிப்புகள் அட்டவணையில் அப்படியே கிடக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ‘எல்லாம் செஞ்சாச்சு, ஆனா ஒண்ணும் வரலையே’ என்று புதிதாகக் கற்பவர் திகைத்து நிற்கும் இடம் இதுதான்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. வரிசை எங்கே வைக்கப்படுகிறது என்பதை அமைப்புக் கோப்பில் ஒரு வரி முடிவு செய்கிறது. அதில் ‘சிங்க்’ என்று இருந்தால், வரிசை என்று எழுதியிருந்தாலும் வரிசை கிடையாது. கடிதம் அந்தக் கணமே, பயனர் காத்திருக்கும்போதே அனுப்பப்படும். 2024 மார்ச்சில் வெளிவந்த 11ஆம் பதிப்புக்கு முன்னால் இயல்பான அமைப்பு இதுதான். 11ஆம் பதிப்பிலிருந்து தரவுத்தள அட்டவணை இயல்பாகிவிட்டது. ஆகவே, அதே நிரல், அதே சொற்கள். ஒரு வரி மாறினால் பொருள் மாறுகிறது. பழைய தளத்தைப் புதிதாக மாற்றி எழுதும்போது, வேலையாளை இயக்க மறந்தால், நேற்றுவரை போய்க்கொண்டிருந்த கடிதங்கள் இன்று சத்தமில்லாமல் நின்றுவிடும்.

செயல்முறை விளக்கத்தில் ஒரு விதி சொல்வோம்: வாசகர் முதல் பகுதியைப் படித்து முடித்ததும் சிறிய அளவிலாவது ஒரு சுற்று முழுமையாகச் செய்து பார்க்க முடிய வேண்டும். சமையல் குறிப்பில் அடுப்பைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் சொன்னால் எப்படி? ஒரு பணி, ஒரு வரிசை, ஒரு வேலையாள் என்று முதலில் ஒரு முழு வட்டத்தைக் காட்டிவிட்டு, நுணுக்கங்களுக்குப் பிறகு போயிருக்கலாம்.

5. இரண்டாவது குறை: உவமை பொருந்தவில்லை

ஓர் இணைப்பில் பல வரிசைகள் இருக்கலாம் என்பதை விளக்க, ஆவணம் ‘அடுக்குகள்’, ‘குவியல்கள்’ என்னும் உவமையைக் கையாளுகிறது. பொது வாசகருக்கு இது சரி. ஆனால் கணினியியல் படிக்கும் மாணவருக்கு அடுக்கு என்பது கலைச்சொல். கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும், தட்டுகளை அடுக்கி வைத்ததுபோல. வரிசையில் முதலில் வந்தவர்தான் முதலில் போவார். ஒன்று மற்றொன்றுக்கு நேர் எதிர். வரிசையை விளக்க அடுக்கை உவமையாக்குவது, சாதாரண வாசகருக்கு உதவி, படித்த வாசகருக்கு இடறல்.

உணவங்காடி நிலையத்தில் நாம் எல்லாரும் நின்று பழகியதுதான் வரிசை. ஒரே கடையில் ‘இங்கே சாப்பிட’ ஒரு வரிசை, ‘கட்டிக்கொண்டு போக’ ஒரு வரிசை. கடைதான் இணைப்பு, அதன் முன்னால் நிற்பவை வரிசைகள். இந்த உவமை இன்னொன்றையும் விளக்கும். 5 நிமிடம் மட்டுமே செல்லுபடியாகும் உள்நுழைவு எண்ணை அனுப்பும் கடிதமும், மாதச் செய்திமடலும் ஒரே வரிசையில் நின்றால் என்ன ஆகும்? 2,000 செய்திமடலுக்குப் பின்னால் அந்த எண் நிற்கும். ஒரே வேலையாள், கடிதத்துக்கு 2 வினாடி என்றால் 4,000 வினாடி, ஒரு மணி நேரத்துக்கு மேல். எண் வந்து சேரும்போது செத்துப்போயிருக்கும். அதனால்தான் அவசரக் கடிதங்களுக்குத் தனி வரிசை வைத்து, வேலையாளிடம் ‘முதல்ல இதைப் பாரு, இது காலியா இருந்தா அதைப் பாரு’ என்று முன்னுரிமை சொல்ல லாராவெலில் வழி இருக்கிறது.

6. மூன்றாவது குறை: வினைச்சொல் பொய் சொல்கிறது

இதுதான் என் முக்கிய வாதம். லாராவெலில் ஒரு பணியை வரிசையில் வைக்கும் செயலுக்கு ‘டிஸ்பேட்ச்’ என்று பெயர். ஆங்கிலப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ‘அனுப்பிவைத்தல்’ என்பதுதான் முதற்பொருள். ஆனால் இங்கே நடப்பது ஒப்படைத்தல். குறிப்பை எழுதி வைத்தல். மின்னஞ்சல் அத்தியாயத்தில் ‘செண்ட்’, ‘கியூ’ என்று இரண்டு வினைகள் உண்டு. முன்னது உடனே அனுப்பு, பின்னது வரிசையில் வை. நல்ல பிரிவுதான். ஆனால், ஒரு கடித வகையை ‘இது எப்போதும் வரிசையில்தான் போக வேண்டும்’ என்று குறித்துவிட்டால், ‘செண்ட்’ என்று எழுதினாலும் அது வரிசையில்தான் போய் உட்காரும். ஆவணமே இதைச் சொல்கிறது. ஆக, ‘அனுப்பு’ என்ற வினை அனுப்பவில்லை.

நிரலர் அந்த வரிக்கு அடுத்த வரியில் பயனருக்கான செய்தியை எழுதுகிறார். மேலே ‘அனுப்பு’ என்று எழுதியாகிவிட்டது. கீழே என்ன வரும்? ‘உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அனுப்பப்பட்டது.’

இந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘படு’ என்னும் பகுதி ‘பட்டு’ என ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுகிறது. இறந்தகாலம் என்றால் செயல் முடிந்துவிட்டது. ஆனால் திரையில் இந்தச் சொல் தோன்றும் கணத்தில் கடிதம் இன்னும் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது. வேலையாள் நின்றுபோயிருந்தால் நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

லாராவெலின் பணி அட்டவணை இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானது. அதில் ஒவ்வொரு பணிக்கும் மூன்று நேரங்கள் குறிக்கப்படுகின்றன: உருவாக்கப்பட்ட நேரம், எடுக்கத் தகுதியாகும் நேரம், வேலையாள் எடுத்துக்கொண்ட நேரம். தோல்வியுற்றால் வேறோர் அட்டவணைக்குப் போகும். அங்கே தோல்வியுற்ற நேரம் இருக்கும். ‘அனுப்பப்பட்ட நேரம்’ என்று ஒரு பத்தியே கிடையாது. வெற்றியாக முடிந்த பணியின் வரி அழிக்கப்படுகிறது, அவ்வளவுதான். இயந்திரம் தனக்குத் தெரியாததை எழுதி வைக்கவில்லை. நாம்தான் திரையில் எழுதுகிறோம்.

இன்னொரு நுட்பம். ‘அனுப்பப்பட்டது’ செயப்பாட்டு வினை. செய்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லாத வினை. இங்கே செய்தவர் ஒருவர் அல்லர்: செயலி குறிப்பு எழுதியது, வேலையாள் எடுத்தார், நம் அஞ்சல் சேவையகம் வாங்கியது, பெறுநரின் சேவையகம் ஏற்க வேண்டும். நான்கு பேரில் எவர் எதுவரை செய்தார் என்பதை அந்தப் ‘பட்டது’ மூடி மறைக்கிறது. மாணவர்கள் அலுவல்முறை மின்னஞ்சலில் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது’ என்று எழுதும்போது நாம் ஓரத்தில் ‘யாரால்?’ என்று எழுதுகிறோமே, அதே கேள்விதான்.

7. ‘போய்ச் சேர்ந்தது’ என்று யார் சொல்ல முடியும்?

வேலையாள் கடிதத்தைக் கொடுத்த பிறகாவது ‘அனுப்பப்பட்டது’ உண்மையாகுமா? பாதி உண்மை. மின்னஞ்சல் பயணத்தின் நெறிமுறையான எஸ்எம்டிபியை 1982இல் ஜான் போஸ்டல் ஆவணமாக எழுதினார். 2008இல் ஆர்எப்சி 5321 என்னும் புதுப்பிப்பு வந்தது. இதன்படி ஒரு சேவையகம் ‘250’ என்று பதில் சொன்னால், ‘இந்தக் கடிதத்துக்கு இனி நான் பொறுப்பு’ என்று பொருள். 4இல் தொடங்கும் எண் என்றால், ‘இப்போது முடியாது, பிறகு வா’. 5இல் தொடங்கினால், ‘முடியவே முடியாது’.

பாருங்கள், மூன்று பதில்களும் எவ்வளவு அளவாக இருக்கின்றன. ‘பெறுநர் படித்துவிட்டார்’ என்று அந்த நெறிமுறை எங்கும் சொல்வதில்லை. பொறுப்பு கைமாறியது என்று மட்டும்தான் சொல்கிறது.

இதிலிருந்து அமைப்பு பற்றிய ஒரு பாடமும் கிடைக்கிறது. வேலையாளிடம் எதுவும் சொல்லாவிட்டால், ஒரு பணியை ஒருமுறைதான் முயல்வார். ‘மூன்று முறை முயல்’ என்று சொன்னாலும், இடைவெளி எவ்வளவு என்று சொல்லாவிட்டால் உடனுக்குடனே முயன்று மூன்றும் சில வினாடிகளில் தீர்ந்துவிடும். ‘பிறகு வா’ என்ற சேவையகத்தின் கதவை மூன்று வினாடிக்குள் மூன்று முறை தட்டினால் என்ன பயன்? ஆர்எப்சி 5321, அஞ்சல் சேவையகங்கள் பொதுவாகக் குறைந்தது 30 நிமிடம் விட்டு முயல வேண்டும், கைவிடுவதற்குமுன் 4, 5 நாளாவது பார்க்க வேண்டும் என்கிறது. நம் வேலையாள் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. அஞ்சல் சேவையகத்துக்கே சொந்தமாக ஒரு வரிசை உண்டு. ஆனால் 1 நிமிடம், 5 நிமிடம், 30 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும்படி அமைப்பது நல்லது. ‘5’ என்ற பதிலுக்கோ மறுமுயற்சி வீண். தவறான முகவரிக்கு எத்தனை முறை அனுப்பினாலும் அது தவறான முகவரிதான்.

8. இரண்டு முறையா, ஒருமுறையும் இல்லையா?

மறுமுயற்சிக்கு ஒரு விலை உண்டு. வேலையாள் கடிதத்தைக் கொடுத்தார், ‘250’ பதிலும் வந்தது. பணியை அட்டவணையிலிருந்து அழிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. மீண்டும் எழுந்ததும் அந்தப் பணி அங்கேயே இருக்கும். மறுபடி அனுப்பப்படும். இதற்குப் பயந்து முதலில் அழித்துவிட்டுப் பிறகு அனுப்பினால், நடுவில் நின்றுபோனால் கடிதம் போகவே போகாது. ‘சரியாக ஒரே ஒருமுறை’ என்று எந்த வரிசையாலும் உறுதி தர முடியாது. இரண்டில் எந்தத் தவறு குறைந்த தீங்கு என்று நாம்தான் தேர்வு செய்ய வேண்டும். போட்டி உறுதிக் கடிதம் இரண்டு முறை வந்தால் மாணவர் சிரிப்பார், வராவிட்டால் அழுவார். அதனால் மறுமுயற்சியின் பக்கம் நிற்பதே முறை.

ஆனால் தீங்கைக் குறைக்க வழி உண்டு: ஒரு கடிதம், ஒரு பணி. 300 கடிதத்தையும் ஒரே பணியாகக் கட்டினால், 151ஆவது கடிதத்தில் தவறு நடந்து பணி மீண்டும் தொடங்கும்போது முதல் 150 பேருக்கும் மறுபடி போகும். தனித்தனிப் பணியாக இருந்தால் அந்த ஒருவருடைய கடிதம் மட்டும் மீண்டும் முயலப்படும்.

காலம் பற்றிய இன்னொரு விந்தையும் இங்கே இருக்கிறது. லாராவெல் பணியில் மாணவரின் முழு விவரத்தையும் எழுதி வைப்பதில்லை. அவருடைய அடையாள எண்ணை மட்டும் எழுதி வைத்து, வேலையாள் எடுக்கும்போது தரவுத்தளத்திலிருந்து விவரத்தைப் புதிதாக வாசிக்கிறது. அதாவது பொத்தானை அழுத்திய காலம் வேறு, கடிதம் எழுதப்படும் காலம் வேறு. இடையில் பெயர்ப் பிழையைத் திருத்தினால் திருத்திய பெயரே போகும், நல்லது. ஆனால் பதிவு தரவுத்தளத்தில் உறுதியாகும் முன்பே வேலையாள் முந்திக்கொண்டால், ‘அப்படி ஒரு மாணவரே இல்லை’ என்று பணி தோல்வியுறும். தரவு உறுதியான பிறகே பணியை வரிசையில் விடு என்று அமைக்க ஒரு வழி இருக்கிறது; ஆவணமும் அதைச் சொல்கிறது.

வேலையாள் நீண்ட நேரம் ஓடும் நிரல் என்பதால் இன்னொரு வேடிக்கை: தொடங்கிய நேரத்து நிரலையே நினைவில் வைத்திருப்பார். கடிதத்தின் தலைப்பு வரி நிரலுக்குள் இருந்து, அதில் ‘வாழ்த்துக்கள்’ என்பதை நாம் ‘வாழ்த்துகள்’ என்று திருத்தினாலும், வேலையாளை மறுதொடக்கம் செய்யும்வரை பழைய ‘க்’ போய்க்கொண்டேதான் இருக்கும். எதற்கும் அசையாத மாணவர் மாதிரி!

தோல்வியுற்ற பணிகள் தனி அட்டவணையில் சேரும் என்று சொன்னேன். அதை யார் பார்ப்பது? தோல்வி நேர்ந்தால் பொறுப்பாளருக்கு அறிவிக்க அத்தியாயம் வழி காட்டுகிறது. ஆனால் அந்த அறிவிப்பையும் அதே வரிசை வழியாக மின்னஞ்சலில் அனுப்பினால், மின்னஞ்சல் போகவில்லை என்பதை மின்னஞ்சலில் சொன்ன கதைதான். வாரம் ஒருமுறை அந்த அட்டவணையைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். இயந்திரத்தில் அமைக்க முடியாத பகுதி அது.

9. ஒரு மறுப்பும் பதிலும்

‘பயனருக்கு வரிசை, வேலையாள் எல்லாம் எதுக்கு? அனுப்பப்பட்டதுன்னு சொன்னா அவருக்குப் போதும்’ என்று சிலர் சொல்லலாம். நியாயமான மறுப்பு. பயனரிடம் தொழில்நுட்பம் பேச வேண்டாம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நான் கேட்பது வினையின் காலத்தை மாற்றுவது மட்டும்தான்.

கடைசி நாள் இரவு 11.50க்குப் பதியும் மாணவரை நினைத்துப் பாருங்கள். ‘அனுப்பப்பட்டது’ என்று திரை சொல்கிறது. அஞ்சல் பெட்டியில் ஒன்றும் இல்லை. அவர் முன்னால் மூன்று சந்தேகங்கள்: முகவரியைத் தப்பா அடிச்சிட்டோமா? குப்பைப் பெட்டிக்குப் போயிடுச்சா? பதிவே ஆகலையா? மூன்றாவது சந்தேகம்தான் அவரை மறுபடி பதிய வைக்கும். அதற்குள் 12 அடித்துவிட்டால், இரண்டாவது பதிவு ஏற்கப்படாது. முதல் பதிவு செல்லுமா என்றும் தெரியாது. அவருக்குத் தேவையானது கடிதத்தைப் பற்றிய செய்தி அல்ல. பதிவைப் பற்றிய செய்தி. தளத்துக்கு அந்தக் கணத்தில் நிச்சயமாகத் தெரிந்ததும் அதுதான். ஆகவே இப்படி எழுதலாம்:

‘உங்கள் பதிவு எங்களுக்குக் கிடைத்தது. பதிவு எண்: (எண்). உறுதிக் கடிதம் சிறிது நேரத்தில் நீங்கள் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு வரும். வராவிட்டாலும் உங்கள் பதிவு செல்லும். மறுபடி பதிய வேண்டாம்.’

முதல் வாக்கியம் இறந்தகாலம்; உண்மையாகவே முடிந்தது. மூன்றாவது எதிர்காலம்; இன்னும் நடக்க இருப்பது. கடைசி வாக்கியம் பயனரின் பயத்துக்குப் பதில். முகவரியையும் திரையில் காட்டிவிட்டால், எழுத்துப் பிழையை அவரே கண்டுபிடிப்பார்.

10. கலைச்சொற்கள்

தமிழில் இதை எழுதும்போது சில சொற்களைப் பற்றி முடிவு செய்ய வேண்டியுள்ளது. ‘வரிசை’ எல்லாருக்கும் புரியும்; பேச்சில் நாம் ‘கியூ’ என்கிறோம், இரண்டும் சரி. ‘பணி’, ‘வேலையாள்’ பொருந்துகின்றன. ‘பணியாளர்’ என்றால் அலுவலக ஊழியர் நினைவு வருகிறது. வரிசையில் வைக்கும் செயலுக்கு ‘ஒப்படை’ என்பதை நான் பரிந்துரைக்கிறேன்; ‘அனுப்பு’ என்பதைக் கடிதம் உண்மையில் வெளியேறும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ‘தோற்ற பணி’ என்று எழுத வேண்டாம். ‘தோற்றம்’ என்ற சொல்லோடு குழம்பும். ‘தோல்வியுற்ற பணி’ தெளிவு. மீண்டும் முயல்வதற்கு ‘மறுமுயற்சி’ போதும்.

11. வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்கு இதை ஒரு பாடவேளையில் செய்யலாம்.

முதலில், மாணவர்கள் பயன்படுத்தும் செயலிகளிலிருந்து ஐந்து அறிவிப்பு வாக்கியங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் வினைமுற்றை அடிக்கோடிட்டு, காலம் எது, செய்தவர் யார், அந்தக் கணத்தில் அது உண்மையா என்று மூன்று கேள்வி.

அடுத்து, ஆறு மாணவர்களை நிறுத்தி வரிசையை நடித்துக் காட்டுங்கள். ஒருவர் செயலி, ஒருவர் வேலையாள், ஒருவர் அஞ்சல் சேவையகம், மூவர் பெறுநர். குறிப்புச் சீட்டுகளை மேசையில் வைத்ததும் நிறுத்தி, ‘இப்ப என்ன சொல்லலாம்? அனுப்பிட்டோமா, அனுப்பப்போறோமா?’ என்று கேளுங்கள். வேலையாளை நடுவில் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். இறந்தகாலம், எதிர்காலம் இரண்டும் இலக்கணப் பயிற்சித் தாளைவிட இங்கே நன்றாகப் பதியும்.

கடைசியாக, அலுவல்முறை மின்னஞ்சல். ‘பதிவு செய்தும் உறுதிக் கடிதம் வரவில்லை’ என்று ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதும் பயிற்சி. நல்ல விடையில் பதிந்த நாள், நேரம், பதிவு எண், கொடுத்த முகவரி, திரையில் கண்ட வாக்கியம் ஆகியவை இருக்கும். ‘என் பதிவு கிடைத்ததா?’ என்பதும் ‘கடிதத்தை மீண்டும் அனுப்ப முடியுமா?’ என்பதும் தனித்தனிக் கேள்விகளாக இருக்கும். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிப்பார்கள். எந்த நடவடிக்கை என்று சொல்லச் சொல்லுங்கள்.

நிறைவாக

லாராவெலின் இந்த இரு அத்தியாயங்களும் நிரலருக்கு நல்ல வழிகாட்டி. எண்களில் துல்லியம், எச்சரிக்கையில் நேர்மை. வேலையாளைத் தாமதமாக அறிமுகப்படுத்துவதும், பொருந்தாத உவமையும் திருத்தக்கூடிய குறைகள். ஆனால் ‘ஒப்படை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அனுப்பு’ என்று சொல்வது, ஆவணத்தோடு நிற்காமல் பயனரின் திரைவரை கசிகிறது. அந்தக் கசிவை நிறுத்தும் இடம் தமிழ் வாக்கியம் எழுதப்படும் இடம். அடுத்த முறை யாராவது ஒரு பதிவுத் தளத்துக்கு வாக்கியம் கேட்டு வந்தால், மொழிபெயர்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தச் செய்தி தோன்றும்போது கடிதம் எங்கே இருக்கும்?’ பதில் தெரிந்தால் வினையின் காலம் தானாக வந்துவிடும்.